தோட்டத்து முகாமில் பிரஷர் 156/98 என்றார்கள்: மாத்திரை போடணுமா?

கம்பத்துக்காரி:
கம்பத்திலிருந்து கம்பமெட்டு ஏறி, இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறவள் நான். வயது 43. போன வாரம் ஸ்டோர் வாசலில் முகாம் போட்டு எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார்கள். எனக்கு 156/98. "கூடுதலா இருக்கு, டாக்டரைப் பாருங்க" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சீட்டு எதுவும் தரவில்லை. எனக்குத் தலைசுற்றல் கிடையாது, மயக்கம் கிடையாது, சரிவில் மூட்டையோடு ஏறுகிறேன். வீட்டுக்காரர் "மிஷின் கோளாறு, விடு" என்கிறார். கூட வேலை செய்யும் அக்கா தன் மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தங்கச்சி, அந்தப் பாதி மாத்திரை வேண்டாம். அவருக்கு எழுதினது அவருக்கு.

எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று யோசித்துப் பார். நீங்களெல்லாம் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டிருப்பீர்கள். சட்டையோடு பட்டையைச் சுற்றினார்களா? கையைத் தொங்கவிட்டிருந்தாயா? சரிவிலிருந்து இறங்கி வந்த கையோடு பார்த்தார்களா? தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாமல் சிறுநீரை அடக்கி வைத்திருப்பீர்களே, அதுகூட அளவை ஏற்றிவிடும். முறையாகப் பார்க்க 5 நிமிஷம் சும்மா உட்காரணும்; முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில். அதற்கு முந்தின அரை மணி நேரம் கட்டன் (பால் விடாத டீ, காபி) வேண்டாம். பார்க்கும்போது பேச்சும் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது தடவை பார்க்கணும்.

அதற்காக உன் வீட்டுக்காரர் சொல்வதும் சரியில்லை. வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90க்குக் கீழே வரவில்லை என்றால் அது பிரஷர்தான். மேலே உள்ளதோ கீழே உள்ளதோ ஒன்று தாண்டினாலே போதும். தலைசுற்றல் இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. உலகத்தில் பிரஷர் இருக்கிறவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குத் தமக்கு இருப்பதே தெரியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முகாம் போடுவதே அவர்களுக்காகத்தான். ஆனால் அளவை எழுதிக் கையில் கொடுக்காத முகாமை என்னால் முகாம் என்று சொல்ல முடியாது, போட்டோவுக்கு ஆகும்.

ட்ரிப்ஜீப்:
நர்ஸம்மா சொல்வது நியாயம். ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் விட்டுப்போகிறார்கள், அதையும் பாருங்கள். இங்கே தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். நல்ல திட்டம், என் அம்மாவுக்கு அதில்தான் வருகிறது. ஆனால் அவர்கள் பகலில் வருகிறார்கள். நான் ஆள் ஏற்றுவது விடியும் முன்னே. கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் 30 வயது தாண்டியவர்களை வீடு வீடாகப் பார்க்கிறார்கள். தினம் இறங்கிப் போகிறவளுக்கு அங்கே ஏது வீடு? இந்த ஜனத்தை ஒரே இடத்தில் பிடிக்கணுமென்றால் ஜீப் ஸ்டாண்டுதான். சாயங்காலம் அங்கே ஒரு மேசை போட்டால் போதும்.

கம்பத்துக்காரி:
சட்டைக்கு மேலேதான் சுற்றினார்கள்! ஊறுகாய், கருவாடு இல்லாமல் மத்தியானச் சோறு இறங்காது, அதுவும் காரணமா? கொழுந்தனிடம் மணிக்கட்டில் கட்டும் மிஷின் இருக்கிறது, அதில் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
மேல்கையில் கட்டுவதுதான் நம்பகம். மணிக்கட்டு மிஷின் கை கொஞ்சம் தாழ்ந்தாலே அளவு மாறும். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கணும், கருவாடும் ஊறுகாயும் அதில் சேர்த்தி. ஜீப் போகாத நாளில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. 156/98 என்பதையும் பார்த்த தேதியையும் எழுதிக்கொண்டு போ. சர்க்கரையும் பார்க்கச் சொல். மாத்திரை எழுதிக்கொடுத்தால், அளவு இறங்கிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே; மாத்திரை வேலை செய்வதால்தான் இறங்கியிருக்கும். இடையில் நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் வராமல் போனாலோ 108ஐக் கூப்பிடு, மலைக்கு அந்தப் பக்கமும் அதே எண்தான்.

ட்ரிப்ஜீப் தம்பி, அந்த ஜீப் ஸ்டாண்ட் மேசை விஷயத்தை உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். ஜீப் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் அதில் எழுதுங்கள்.