கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஒன்றாக இறக்கலாமா?

கேள்வி: நான்கு சக்கர இயக்கமுள்ள என் பழைய வண்டியில் கிளட்ச் தட்டை மாற்றுவதற்காக, வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, கியர்பாக்ஸையும், அதன் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஒரே பாகமாகத் தனியாளாக இறக்க எண்ணியிருக்கிறேன். சரிவருமா?

மறுமொழி: வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸின் எடை பின்னால் ஒரு பக்கமாக இழுப்பதால், ஜாக்கின் மேல் மொத்தமும் சாய்ந்துவிடும்; அதை முதலில் தனியே இறக்குங்கள். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எண்ணெயை வடித்து, சக்கரங்களின் பக்கம் விசையைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சுகளில் (இணைப்புத் தட்டுகளில்) பெயிண்டால் கோடிட்டுப் பிரியுங்கள். திரும்ப மாட்டும்போது கோடுகள் ஒன்றாமல் போனால் ஓட்டத்தில் அதிர்வு வரக்கூடும்.

மற்றொரு மறுமொழி: எஞ்சினின் பின்புறத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகே கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைக் கழற்ற வேண்டும். மீண்டும் ஏற்றும்போது, போல்ட்டுகள் பிடிக்கும்முன் கியர்பாக்ஸை, கிளட்ச் தட்டினுள் நுழையும் அதன் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிட்டால் புதுத் தட்டே வளைந்துவிடும். அவசரப்பட்டு நான் ஒன்றை அப்படித்தான் பாழாக்கினேன்.

கேட்டவர்: நன்றி. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்கிறேன்.