சார்ஜ் இருந்தும் பெட்ரோல் எரிகிறது, பிளக்-இன் ஹைப்ரிட் தெரிந்தவர்கள் உதவுங்கள்

கானாடுகாத்தானில் இருக்கிறோம். வண்டி 2021 மாடல் பெட்ரோல் பிளக்-இன் ஹைப்ரிட் (வீட்டில் சார்ஜ் போட்டு பேட்டரியிலும் ஓட்டலாம், பெட்ரோலிலும் ஓட்டலாம்). தினமும் காரைக்குடி போய்வர சுமார் 30 கிலோமீட்டர், பேட்டரியிலேயே முடிந்துவிடும் தூரம்தான். பங்குனி வரை அப்படித்தான் ஓடியது. சித்திரை வெயில் ஏறியதிலிருந்து பேட்டரி 80 சதவீதம் காட்டும்போதே என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகி, அப்புறம் அணைவதே இல்லை. 100 கிலோமீட்டருக்கு 1.5 லிட்டர் காட்டிய மீட்டர் இப்போது 6-ஐத் தொடுகிறது. விடியற்காலையில் எடுத்தால் பிரச்சினை இல்லை, மத்தியானம் கடைவீதியில் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் கட்டாயம் வரும்.

எலெக்ட்ரிக் மோடில் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஹைப்ரிடுக்கு மாறிவிடுகிறது. ஏசியை அணைத்தும் பார்த்தாயிற்று. வீட்டு வயரிங் பழசு என்பதால் புதிதாக எர்த் போட்டு, தனி லைன் இழுத்தோம். சார்ஜ் முழுசாக ஏறுகிறது. டேங்கில் பெட்ரோல் நாள்பட்டுக் கிடந்தாலும் என்ஜின் ஓடும் என்றார்கள், அதையும் மாற்றியாயிற்று. மதுரை சர்வீஸில் ஸ்கேன் செய்து எரர் கோட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. புகையைக் குறைக்கத்தான் இந்த வண்டியே வாங்கினோம், மனசு கேட்கவில்லை.

பேட்டரி சூடாவதால்தான் என்ஜின் ஓடுகிறதா என்பதை ஓபிடி ஸ்கேனரில் (வண்டியில் செருகி அதன் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைப் படிக்கும் கருவி) எந்த ரீடிங்கைப் பார்த்து உறுதி செய்வது?