உறுமும் நாயை அடிக்க வேண்டாம்: உங்கள் வீட்டு அனுபவங்களைச் சொல்லுங்கள்

கோவில்பட்டியிலிருந்து:

போன பொங்கலுக்கு வீட்டில் ஒரே கூட்டம். எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு அப்போது ஐந்து மாதம். கட்டிலுக்கு அடியில் படுத்து ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் பேரன், ஆறு வயசுப் பையன், கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஊர்ந்து போனான். நான் எதிரில் உட்கார்ந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. குட்டி முதலில் மெல்லுவதை நிறுத்தியது. உடம்பு விறைத்தது. தலையை எலும்பின் மேல் கவிழ்த்தபடியே கண்ணை மட்டும் பையன் பக்கம் திருப்பியது, வெள்ளை விழி ஓரத்தில் தெரிந்தது. நாக்கால் ஒரு தடவை மூக்கை நக்கியது. பையன் கையை நீட்டினான். அதற்கு அப்புறம்தான் உறுமியது.

"டேய், வெளிய வா, கரும்பு தர்றேன்" என்று கூப்பிட்டதும் பையன் வந்துவிட்டான். சித்தப்பா அதற்குள் கம்பைத் தேடினார். "இப்பவே ரெண்டு போடு, விட்டா நாளைக்குத் தலைமேல ஏறிடும். யார் பெரியவன்னு அதுக்குத் தெரியணும்." நான் விடவில்லை. அவருக்குக் கோபம்தான், சாப்பாட்டு நேரம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தக் குட்டி வரிசையாக நாலு தடவை "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறது. ஐந்தாவதாகத்தான் சத்தமாகச் சொன்னது. அந்தச் சத்தத்துக்கு அடி விழுந்தால், எலும்பைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் போகாது. உறுமினால் அடி விழும் என்பது மட்டும் மனதில் பதியும். அடுத்த தடவை உறுமாமல் நேராகக் கடிக்கும். "திடீர்னு கடிச்சிருச்சு, முன்னாடி உறுமக்கூட இல்ல" என்று சொல்லும் வீடுகளில், அந்த நாய் குட்டியாக இருந்தபோது உறுமலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுப்பாருங்கள்.

நாய்க்கு நாம்தான் தலைவன் என்று அடக்கிக் காட்ட வேண்டும் என்கிற, சித்தப்பா சொன்ன அந்தக் கதைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து அது பரவியது. அதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக். காட்டு ஓநாய்களைப் பல வருஷம் பார்த்த பிறகு, 1999-ல் அவரே வேறு மாதிரி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம், சண்டை போட்டுப் பதவி பிடிக்கும் கூட்டமில்லை. இத்தனைக்கும் நாய் ஓநாயும் இல்லை, மனுஷனை ஓநாய் என்று நினைப்பதும் இல்லை.

குட்டிக்கு நாங்கள் செய்தது இதுதான். அது சாப்பிடும்போது கொஞ்சம் தள்ளி நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, வேகவைத்த ஈரல் துண்டைப் போட்டுவிட்டு, நிற்காமல் போய்விடுவோம். தட்டைத் தொடுவதில்லை. உடம்பு தளர்வாக இருந்தால் மட்டும் அடுத்த தடவை ஓரடி கிட்டே. நாளாக ஆக, காலடிச் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கி வாலை ஆட்ட ஆரம்பித்தது. ஆள் வந்தால் சாப்பாடு போகாது, கூடத்தான் கிடைக்கும் என்று புரிந்துகொண்டது. ஏற்கெனவே கடித்த நாயிடம் இதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளை இந்தப் பழக்கத்தில் சேர்க்கவே கூடாது. நாய் சாப்பிடும் இடத்துக்குப் பிள்ளைகள் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இன்றும் சட்டம்.

சென்னையிலிருந்து:

நீங்கள் சொன்ன அந்த வெள்ளை விழி, நாக்கு எல்லாம் எங்கள் வீட்டில் வேறு பெயரில் நடக்கும். "பாரு, தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது, முழியைப் பாரு!"

எங்களுடையது லாப்ரடார். ஒருநாள் மாமனார் வெளியில் போய்விட்டு வந்தால் கூடத்தில் மெத்தை கிழிந்து பஞ்சு பறக்கிறது. ஒரு சத்தம் போட்டார். நாய் காதைப் பின்னுக்குத் தள்ளி, வாலைக் காலுக்குள் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. "ஒத்துக்கிச்சு பார்" என்றார். மெத்தையைக் கிழித்தது என் தம்பி மகன். கத்திரிக்கோலோடு மாடியிலிருந்து அவனே இறங்கி வந்தான்.

அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற நியூயார்க் ஆய்வாளர் இதையே சோதித்து 2009-ல் எழுதியிருக்கிறார். தின்பண்டத்தை வைத்து, தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில தடவை உண்மையையும் சில தடவை பொய்யையும் சொன்னார்கள். தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்தக் குற்றவாளி முழி முழித்தன. தின்னாமலே திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாக.

மெத்தையைக் கிழிக்கவில்லை என்றாலும் செருப்பை நாய் கடிப்பது உண்டு. மாமனார் இப்போது செருப்பை எடுத்து ரேக்கில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார். செருப்புப் பிரச்சினை அதோடு போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்து, எப்போதோ கடித்ததற்கு இப்போது அடித்தால், அடி எதற்கு என்று நாய்க்குத் தெரிய வழியே இல்லை. நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வருவதுதான் அதற்குப் பயமாகிப்போகும்.

திருச்சியிலிருந்து:

நான் குட்டிகளின் கடியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அடி அதிகம் விழுவது அங்கேதான். தெருவிலிருந்து எடுத்துவந்த நாட்டுக்குட்டி, இரண்டரை மாதம். கை, கால், சேலை முந்தானை, பாவாடை நுனி எதையும் விடாது. பக்கத்து வீட்டு அக்கா, "மூக்குலயே ஒண்ணு வை, அடங்கிடும்" என்றார். மூக்கில் அடித்தால் கையைக் கண்டாலே ஒதுங்கும் நாய்தான் கிடைக்கும்.

குட்டிக்கு 28 பால் பற்கள். நாலு மாத வாக்கில் விழ ஆரம்பித்து, ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும், எதையாவது கடித்தே ஆக வேண்டும். பழைய துண்டை நனைத்து முடிச்சுப் போட்டு ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தேன். நாலாம் மாதம் அந்த முடிச்சிலேயே அரிசி மாதிரி ஒரு பல் ஒட்டிக்கொண்டிருந்தது. கையைக் கடித்தால் கத்தாமல், உதறாமல், விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவேன். அரை நிமிஷம் கழித்துத் துண்டோடு திரும்பி வருவேன். கடித்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பது அதற்குச் சீக்கிரமே புரிந்தது.

ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் இது எதுவும் எடுபடாது. கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கண்டதையெல்லாம் கடிக்கும். பல நாள் பார்த்த பிறகுதான் பிடிபட்டது, அது தூக்கம். இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டிய குட்டி. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததிலிருந்து ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு விளக்கை அணைத்து ஓர் அறையில் விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் தூங்கும். ஏழு மணிக் கூத்து பெரும்பாலும் அடங்கிவிட்டது.

ராஜபாளையம் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊர் நாயைத் தபால்தலையில் பார்த்திருப்பீர்கள், 2005-ல் வந்தது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. "திமிர் பிடிச்ச ஜாதி, சொன்ன பேச்சு கேக்காது" என்று இதற்கு ஒரு பெயரும் உண்டு. தெரிந்த ஒருவர் தன் குட்டியை அப்படிச் சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார். கூப்பிட்டால் வராதாம், தூங்கும்போது தொட்டால் கடிக்க வருமாம்.

வந்த அன்றே குட்டி தூங்கும்போது அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. வீட்டிலிருந்த பெரிய நாய் துள்ளி எழுந்தது. இதற்குக் காது மடல்கூட அசையவில்லை. தலைக்குப் பின்னால் தட்டைத் தட்டினேன், ஒன்றுமில்லை. மருத்துவரும் பார்த்துவிட்டு இரண்டு காதும் கேட்கவில்லை என்றார். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு. கேட்காத பிள்ளையைத்தான் திமிர் என்று அத்தனை நாள் திட்டியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

இப்போது கைச்சைகையிலேயே எல்லாம் செய்யும். உள்ளங்கையைக் கீழே காட்டினால் படுக்கும், மார்பில் கை வைத்தால் ஓடி வரும். செய்தது சரி என்று சொல்ல, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உடனே கறித்துண்டு. இருட்டில் கூப்பிட டார்ச்சை இரண்டு தடவை மின்னவிடுவேன். எழுப்பும்போது மட்டும் உடம்பைத் தொடுவதில்லை. கையை மூக்குக்கு முன்னால் கொண்டுபோனால் வாசனையிலேயே கண் திறக்கும். அப்படி எழுப்ப ஆரம்பித்ததிலிருந்து அது யாரையும் கடிக்க வரவில்லை. வெளியில் போனால் கயிறு இல்லாமல் விடுவதே இல்லை, வண்டிச் சத்தம் அதற்குத் தெரியாது. வெள்ளைக் குட்டி வாங்குகிறவர்கள், அது உங்களைப் பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து சத்தம் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள். கேட்கவில்லை என்றால் ஒதுக்க வேண்டாம், தெரிந்தே வளருங்கள்.

கோவில்பட்டியிலிருந்து, மறுபடியும்:

ராஜபாளையத்து அண்ணன் எழுதியதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை, ஆனால் அந்த நாய் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். எவ்வளவு கவனமாக இருந்தாலும் பல் பட்டுவிடலாம். வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று விடாதீர்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் தடவ வேண்டாம். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல், சீட்டில் எழுதிக் கொடுக்கும் தேதிகளில் எல்லாம் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.