கல்விச் செலவு கூடினால் ஏற்றுமதி கூடுமா? இலங்கைக் கணக்கு

வலயத்தான்:
இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது. எழுத்தறிவு 90 வீதத்துக்கு மேல். ஆனால் பொருள், சேவை ஏற்றுமதி 2000இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 39 வீதம். 2010இல் 20 வீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. படிப்பு ஏற்றுமதியைத் தூக்கும் என்றவர்கள் வந்து பதில் சொல்லட்டும்.

கணக்கன்:
அண்ணை, எழுத்தறிவு வேறு, செலவு வேறு. அரசு கல்விக்குப் போடுவது மொத்த உற்பத்தியில் 2 வீதமளவுதான்; அதிலும் பெரும்பங்கு சம்பளத்துக்கே போகுது. வியட்நாமைப் பாருங்கோ. 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் வைக்கிற பிசா சோதனையில், 2012இல் கணிதத்துக்கு 511 புள்ளி, அமெரிக்காவுக்கு 481. சாம்சங் அங்கே போனது சும்மாவா?

வலயத்தான்:
சாம்சங் வியட்நாமின் பாக் நின்னில் கைபேசி செய்யத் தொடங்கியது 2009இல், உங்கட 511க்கு முன்னமே. 2001இல் அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம், 2007இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. கதவு திறந்தது, ஆள் வந்தான். இங்கே இறக்குமதிக்குச் சுங்கத் தீர்வை, அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி, அதற்கும் மேல் துறைமுக, விமான நிலைய வரி.

கணக்கன்:
2012இல் சோதனை எழுதிய 15 வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தது 2003 வாக்கில். படிப்பு அப்பவே நல்லாத்தான் இருந்திருக்கு. மற்றது, ஏற்றுமதிக்கென்று இறக்குகிற துணிக்குத் தீர்வை விலக்கு இருக்கே. செஸ் எங்கே மறிக்குது?

வலயத்தான்:
துணியை விடுங்கோ. டைல்ஸ் செய்பவருக்கு அந்த வரிகளே வேலி. உள்ளூரில் கூடின விலைக்கு விற்கலாம் என்றால் வெளிநாட்டில் போட்டி போட அவருக்கென்ன தலைவிதி?

மீன்விழி:
இரண்டு பேரும் மொத்த உற்பத்தியால் வகுத்த எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். டொலரில் பாருங்கள்: பொருள் ஏற்றுமதி 2000இல் 5.5 பில்லியன், 2010இல் 8.6 பில்லியன். விழவில்லை, வகுக்கிற எண்ணான மொத்த உற்பத்திதான் வேகமாகப் பெருத்தது. போருக்குப் பின் வந்த 8, 9 வீத வளர்ச்சியில் வீதியும் கட்டடமும் பெரும்பங்கு. அது இரும்பையும் வாகனத்தையும் இறக்குமதி செய்ய வைத்தது, ஏற்றுமதிக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. இந்த வருடக் கல்விச் செலவை இந்த வருட ஏற்றுமதியோடு பொருத்துவதும் வீண்: முதலாம் வகுப்புப் பிள்ளை வேலைக்கு வர 11, 13 வருடம் ஆகும். அந்த இடைவெளி விட்டு, சம்பளத்தையும் மூலதனச் செலவையும் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

கணக்கன்:
பிரித்துப் பார்த்தாலும் திறன் தெரியும். 2005இல் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவுதான் என்று ஒதுக்கிய ஆடைக் கோட்டா ஒழிந்தபோது இலங்கை படுத்துவிடும் என்றார்கள். உள்ளாடை, விளையாட்டு உடை என்று நுணுக்கத் தையலுக்கு மாறித் தப்பியது. படிக்காத தொழிலாளரை வைத்து அது நடக்குமோ?

வலயத்தான்:
தப்பியது உண்மை. ஆனால் இன்றைக்கும் பொருள் ஏற்றுமதியில் 40 வீதமளவு அதே ஆடைதான். உயர்தர வகுப்பில் கலைப்பிரிவு படித்து வந்த பிள்ளைக்கு ஆடையை விட்டால் இரண்டாவது ஏற்றுமதித் தொழில் எங்கே என்று காட்டுங்கோ, பிறகு பேசுவம்.