லாக்டோஸ் இல்லாத காப்பி வெனிலா ஸ்டவுட் ஈப்போவில் கிடைக்குமா?

வணக்கம். நான் மலேசியாவில் ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட். மாமாவின் அறுபதாம் பிறந்தநாளுக்குக் காப்பியும் வெனிலாவும் சேர்த்த கிராஃப்ட் ஸ்டவுட் (சிறு ஆலைகளில் காய்ச்சும் கறுப்பு பீர்) வாங்கித் தர ஆசை. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்தே அவருக்கு ஸ்டவுட்தான், அதுவும் ஐஸ் போடாமல்.

ஆனால் பால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, பால் சேர்த்த தேத்தாரே ஒரு வாய் குடித்தாலே வயிற்றைப் புரட்டிவிடும். இந்த வகை ஸ்டவுட்டில் பல நேரம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, சேர்க்கிறார்கள். பீர் ஈஸ்ட் அதைப் புளிக்கவைக்காது, அதனால்தான் அந்தக் கெட்டியான தித்திப்பு அப்படியே தங்குகிறது.

லாக்டோஸ் சேர்க்காதது எது? ஈப்போவில் எந்தக் கடையில் கிடைக்கும்? டின் 50 வெள்ளிக்குள் இருந்தால் நல்லது. அப்புறம், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் கழித்து ஊற்றினால் காப்பி வாசம் நன்றாக எழும்? பல டின்களில் ஆல்கஹால் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதனால் ஒன்றை நாலு பேர் பகிர்ந்துதான் குடிப்போம். குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.