பிரபலங்களின் புத்தகப் பட்டியலைப் பார்த்து வாங்கிப் படிப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

திருப்பூர்க் கணக்கன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். படிக்கும் ஆசை உண்டு. எதைப் படிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால், பெரிய ஆட்கள் வெளியிடும் பட்டியலைப் பிடித்துக்கொண்டேன். வருடக் கடைசியில் ஒபாமா பட்டியல், பில் கேட்ஸ் பட்டியல் எது வந்தாலும் உடனே ஆர்டர் போட்டுவிடுவேன். பார்சலைப் பிரிக்கும்போது இருக்கிற உற்சாகம் நாற்பதாம் பக்கத்தில் படுத்துவிடுகிறது. கட்டில் ஓரத்தில் புத்தகம் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. "இதை எங்கயாச்சும் எடுத்து வைங்க, பெருக்கவே முடியல" என்று வீட்டில் தினமும் ஒரு பாட்டு.

யூடியூபைத் திறந்தால், வாரன் பஃபெட் நாள் முழுக்கப் படிக்கிறார், அதனால்தான் கோடீஸ்வரர் ஆனார் என்கிறார்கள். ஆடிட் சமயத்தில் நானும்தான் நாள் முழுக்கப் படிக்கிறேன், வவுச்சரை.

பட்டியல் பார்த்து வாங்கி உருப்படியாகப் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இந்தப் பெரிய மனிதர்கள் நிஜமாகவே எப்படிப் படித்தார்கள் என்பதற்கு நோட்டு, டைரி என்று ஏதாவது ஆதாரம் உண்டா? மோட்டிவேஷன் பேச்சு வேண்டாம், அது போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

*

மழைக்கால வாசகி:

ஒபாமா பட்டியலை நானும் பார்ப்பேன், வாங்க மாட்டேன். பட்டியலைவிட, பதவியை விட்டு இறங்கும் முன் 2017 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் மிச்சிகோ ககுடானிக்கு அவர் கொடுத்த பேட்டி உபயோகமானது. பகல் முழுக்க அலுவலகக் கோப்பு, இரவில் படுக்கப் போகும் முன் சொந்த விருப்பத்துக்குக் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் விண்வெளிக் கதையை ரசித்துச் சொல்லியிருப்பார். உலகமே அழியுமா என்கிற அளவுக்குப் பெரிய கதையைப் படித்தால், நாடாளுமன்றத்தோடு தினசரி நடக்கும் மல்லுக்கட்டு சின்ன விஷயமாகத் தெரிந்ததாம். அது அவருக்கு இருந்த தலைவலிக்கு அவர் தேடிக்கொண்ட மருந்து. உங்களுக்கு என்ன தலைவலி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

*

ரிட்டயர்டு நூலகர்:

தம்பி, நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். டிவியில் யாராவது ஒரு புத்தகத்தின் பேரைச் சொல்லிவிட்டால் மறுநாளே அதைக் கேட்டு ஆள் வரும். எடுத்துப்போன வேகத்தில் திரும்பியும் வரும். உள்ளே எங்கேயும் ஒரு மடிப்புக்கூட இருக்காது. உங்கள் வியாதி புதிதில்லை.

ஆதாரம் கேட்டீர்கள், டார்வினை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எதைப் படித்தார், எப்படிப் படித்தார், எதைப் படிக்காமல் விட்டார் என்பது வரைக்கும் கையெழுத்தில் சான்று இருக்கிறது. 1838-ல் தொடங்கி 1860 வரை, படிக்க வேண்டியவை ஒரு பக்கம், படித்தவை ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு எழுதிவந்தார். படித்தவற்றிலும் மேலோட்டமாகப் புரட்டியதை அப்படித்தான் புரட்டினேன் என்றே குறித்து வைத்தார். ஊருக்குக் காட்டுவதற்காக எழுதியதில்லை, அதனால் ஜம்பம் அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் மகன் பிரான்சிஸ் தன் அப்பாவைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்பில் இந்த விஷயம் விலாவாரியாக வருகிறது. அப்பாவுக்குப் புத்தகத்தின்மேல் மரியாதையே கிடையாது, வேலைக்கு உதவும் கருவி என்றுதான் பார்த்தார் என்கிறார். கனமான புத்தகம் என்றால் கையில் பிடிக்க வசதியாக நடுவில் வெட்டி இரண்டாக்கிவிடுவார். "உன் புத்தகத்தை வெட்டித்தான் படிக்க முடிந்தது" என்று நிலவியல் அறிஞர் லயலிடமே சொல்லி, மறுபதிப்பை இரண்டு பாகமாகப் போட வைத்ததாகப் பெருமை அடித்துக்கொள்வாராம். சிறு வெளியீடுகளுக்கு இன்னும் மோசம். வேண்டிய பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடுவார். படித்துப் படித்துத் தாள் தாளாகக் கழன்றுபோன ஒரு ஜெர்மன் புத்தகத்தின் முதுகில் உலோக கிளிப் மாட்டி வைத்திருந்தார். என் நூலகத்தில் உறுப்பினராக இருந்திருந்தால் முதல் மாதமே அட்டையைப் பிடுங்கியிருப்பேன்.

ஆனால் அவர் படித்த விதம் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். பென்சில் இல்லாமல் உட்கார மாட்டார். தேவைப்பட்ட இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, சில சமயம் இரண்டு சொல். முடித்ததும் கடைசித் தாளில் கோடு போட்ட பக்க எண்களையெல்லாம் வரிசையாக எழுதுவார். இரவல் புத்தகமாக இருந்தால் தனித்தாளில் சுருக்கம் எழுதி இழுப்பறையில் போடுவார். தலைப்பு வாரியாக முப்பது, நாற்பது பெரிய உறைகள் அலமாரியில் இருந்தன. புதிதாக ஒன்றை எழுத உட்காரும்போது அந்த உறையை எடுத்தால், ஆயுள் முழுக்கப் படித்ததில் அது சம்பந்தப்பட்ட அத்தனையும் கைக்கு வந்துவிடும்.

உங்கள் கட்டில் ஓரத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் 'டவுன்' என்ற கிராமத்து வீட்டில், இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று சேர்ந்த புத்தகங்களுக்கென்று அவருக்கும் ஒரு தட்டு இருந்தது. இதில் பலவற்றை நான் படிக்கவே போவதில்லை என்று அதைப் பார்த்துப் பார்த்துப் புலம்புவாராம். கார்ல் மார்க்ஸ் கையெழுத்துப் போட்டு அனுப்பிய 'மூலதனம்' 1873-ல் அங்கே வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் தாள்களை ஒட்டியபடியே அச்சிட்டு அனுப்புவார்கள், படிக்கிறவர்தான் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டும். 822 பக்கத்தில் 105 பக்கம் வரைதான் பிரித்திருக்கிறது. மரியாதையாக நன்றிக் கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்தது. ஜெர்மன் அவருக்கு வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகராதியை வைத்துக்கொண்டு முட்டி மோதித்தான் படிப்பார். 'நான் ஜெர்மன் ஆரம்பித்துவிட்டேன்' என்று நண்பர் ஹூக்கரிடம் சொன்னதற்கு, 'அது என்ன பிரமாதம், நான் எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறேன்' என்று பதில் வந்ததாம்.

நாவல் என்றால் தனி ஆசை. சோபாவில் சாய்ந்துகொள்வார், மனைவி எம்மா படித்துக் காட்டுவார். சோகமாக முடியும் நாவல்களுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே சுயசரிதையில், இளமையில் ரசித்த ஷேக்ஸ்பியர் வயதான காலத்தில் குமட்டும் அளவுக்குச் சலித்துப்போனதையும் மறைக்காமல் சொல்கிறார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒரு தடவையாவது கொஞ்சம் கவிதை படித்து, கொஞ்சம் இசை கேட்பதை விதியாக வைத்துக்கொள்வேன் என்று வருத்தமும் பட்டிருக்கிறார்.

பட்டியல் விஷயத்துக்கு இதுதான் முக்கியம்: 1838-ல் மக்கள்தொகை பற்றிய மால்தஸின் புத்தகத்தைப் பொழுதுபோக்காகத்தான் கையில் எடுத்தார். அதிலிருந்துதான் இயற்கைத் தேர்வு என்ற யோசனை பிடிபட்டது. அதற்குமுன் பதினைந்து மாதமாக உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்ற ஒரே கேள்வியோடு தகவல் சேர்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஆல்ஃபிரட் வாலஸ் என்ற இன்னொரு இயற்கை ஆய்வாளரும் அதே புத்தகத்தை இங்கிலாந்தின் லெஸ்டர் ஊர் நூலகத்தில் இளைஞராக இருந்தபோது படித்தார். வருடங்கள் கழித்து, 1858-ல், இன்றைய இந்தோனேசியத் தீவு ஒன்றில் காய்ச்சலோடு படுத்திருக்கும்போது அது நினைவுக்கு வந்து அதே முடிவுக்குப் போனார். மால்தஸை அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் எத்தனையோ பேர் படித்தார்கள். இந்த இரண்டு பேரிடம்தான் அந்தக் கேள்வி இருந்தது. கேள்வியைக் கடையில் ஆர்டர் போட முடியாது, தம்பி.

*

திருப்பூர்க் கணக்கன்:

ஐயா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. புத்தகத்தை வெட்டுவதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான்.

ஒரு சந்தேகம். எடுத்த புத்தகத்தை முடிக்காமல் வைக்கவே மாட்டேன் என்று பில் கேட்ஸ் சொல்லியிருக்கிறாரே? டார்வின் புரட்டிவிட்டுப் போகிறார், இவர் முடித்தே தீருவேன் என்கிறார். யாரைப் பின்பற்றுவது?

*

சிறுசேமிப்பு:

கேட்ஸின் விதிக்கு ஒரு பின்விளைவும் உண்டு. முடிக்க வேண்டும் என்பதாலேயே, எதைத் தொடங்குவது என்று பயந்து பயந்து தேர்ந்தெடுக்கிறார். அவரும் ஓரத்தில் குறிப்பு எழுதுகிற ஆள்தான். ஆசிரியரோடு உடன்பாடு இல்லாவிட்டால் குறிப்பு நீண்டு, படித்து முடிக்க ரொம்ப நாள் ஆகிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நான் பட்டியலிலிருந்து வாங்கி முடித்த புத்தகம் ஒன்று உண்டு: ஜான் புரூக்ஸின் 'பிசினஸ் அட்வென்ச்சர்ஸ்'. நியூயார்க்கர் பத்திரிகையில் வந்த கட்டுரைகளின் தொகுப்பு, 1969-ல் வெளியானது. 1991-ல் கேட்ஸ், பஃபெட்டிடம் அவருக்குப் பிடித்த வணிகப் புத்தகம் எது என்று கேட்டார். பஃபெட் தன் சொந்தப் பிரதியையே எடுத்துக் கொடுத்தார். 2014-ல் கேட்ஸ் அதைப் பற்றி எழுதும்போது, 'வாரன், இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது' என்று குறும்பாகச் சேர்த்திருந்தார். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராத வியாதிக்குப் பணக்காரன் ஏழை பேதமில்லை. அச்சில் இல்லாமல் கிடந்த புத்தகம் அந்தக் கட்டுரைக்குப் பிறகு மறுபடி கடைக்கு வந்தது. ஃபோர்டு கம்பெனி எட்செல் கார் விட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கதையை அதில் அவசியம் படியுங்கள்.

நீங்கள் வவுச்சர் என்று கிண்டல் அடித்தீர்களே, பஃபெட் நாள் முழுக்கப் படிப்பதிலும் பெரும்பங்கு கம்பெனிகளின் ஆண்டறிக்கைதான். முதலீடு பற்றிய பெஞ்சமின் கிரஹாமின் புத்தகத்தைப் பத்தொன்பது வயதில் படித்தார். கிரஹாம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறார் என்று தெரிந்ததும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டியலின் பின்னால் போகாமல் ஒரு ஆசிரியரின் பின்னால் போனார் என்பதுதான் எனக்குப் பட்டது. ஆண்டறிக்கை படிக்கத் தெரிந்த கணக்கர் நீங்கள். அந்த விஷயத்தில் எங்களைவிட நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள்.

*

லண்டன் செவிலி:

பட்டியலே இல்லாமல், ஒரே ஒரு புத்தகத்தைக் கைமாற்றிப் படித்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். 2012-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஷேக்ஸ்பியர் கண்காட்சி போட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய ஷேக்ஸ்பியர் முழுத்தொகுப்பு திறந்து கிடந்தது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் இருந்த புத்தகம். சொந்தக்காரர் டர்பனைச் சேர்ந்த சன்னி வெங்கட்ரத்னம். வார்டர்கள் பறித்துவிடுவார்கள் என்று, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை அட்டை முழுக்க ஒட்டி, இது என் மதநூல் என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார். சாமி படம் போட்ட அட்டைக்குள் ஷேக்ஸ்பியர்!

அதை உடனிருந்த கைதிகளிடம் சுற்றுக்கு விட்டு, பிடித்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். மண்டேலா போட்டது ஜூலியஸ் சீசரில், கோழைகள் சாகும் முன்பே பலமுறை சாகிறார்கள் என்று வரும் இடத்தில். தேதி 1977 டிசம்பர் 16. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். வால்டர் சிசுலு 'வெனிஸ் வணிக'னில், அவமானங்களைப் பொறுமையாகத் தோள் குலுக்கித் தாங்கினேன் என்று ஷைலாக் சொல்லும் வரியை எடுத்தார். கோவன் எம்பெக்கி எடுத்தது 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் தொடக்கத்தில் இசையும் காதலும் பற்றி வரும் வரி. ஒரே சிறை, ஒரே புத்தகம், ஆளுக்கொரு வரி. ஷேக்ஸ்பியரைக் கண்டாலே குமட்டுகிறது என்றாரே டார்வின், அவரை இந்தத் தீவுக்கு அனுப்பியிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

*

ரிட்டயர்டு நூலகர்:

அம்மா, அருமையான தகவல். தீபாவளி அட்டை விஷயம் எனக்குப் புதிது.

தம்பி, முடிப்பதா புரட்டுவதா என்று கேட்டீர்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டைப் பாருங்கள். 1909-ல் ஜனாதிபதி பதவி முடிந்ததும் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். தங்கை கொரின், அவர் கேட்ட புத்தகங்களையெல்லாம் ஓரத்தை நறுக்கிப் பன்றித்தோல் கட்டு போட்டுக் கொடுத்தார். சுமார் அறுபது புத்தகம், ஒரு சுமையாள் தூக்கும் எடைக்குள். வேட்டையாடிய மிருகத்தின் பக்கத்தில் மரநிழலில் உட்கார்ந்து படித்திருக்கிறார். ரத்தம், வியர்வை, துப்பாக்கி எண்ணெய், சாம்பல் எல்லாம் பட்டும் தோல் கட்டு தாக்குப்பிடித்தது என்று எழுதியிருக்கிறார்.

அதே சமயத்தில் ஹார்வர்டு தலைவர் எலியட், ஐந்தடி அலமாரியில் அடங்கும் புத்தகங்களைப் படித்தாலே கல்விமானாகலாம் என்று ஒரு வரிசையைப் பரப்பிக்கொண்டிருந்தார். ரூஸ்வெல்ட் அதை ஏற்கவில்லை. நல்ல நூறு புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டு விளையாடலாம், ஆனால் எல்லா மனிதருக்கும் சிறந்த நூறு என்றோ, ஒரே மனிதனுக்கு எல்லாச் சமயத்திலும் சிறந்த நூறு என்றோ ஒன்று கிடையாது என்பது அவர் சுயசரிதையில் வரும் கருத்து. நூறு வருடத்துக்கும் மேல் ஆகிறது, பட்டியல் வியாபாரம் மட்டும் குறையவில்லை.

கட்டில் ஓரத்தில் இருப்பதில் எதைத் திறக்கும்போது உங்களுக்கு வாய்க்குள் எதிர்வாதம் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்வார்கள், பெருக்கவும் இடம் கிடைக்கும்.

*

திருப்பூர்க் கணக்கன்:

சரிங்க ஐயா, ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன். டார்வினின் அந்த நோட்டை எங்கே பார்க்கலாம்?

*

ரிட்டயர்டு நூலகர்:

மூலம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 'டார்வின் ஆன்லைன்' தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். கையெழுத்தைப் படித்தால் கண் வலிக்கும், அச்சு வடிவத்தையும் போட்டிருக்கிறார்கள், அதையே பாருங்கள். போனில் வேண்டாம், கம்பெனி கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள்.