‘ஆள்’ என்ற வினை உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

அப்பா போன பிறகுதான் வீட்டுக் கிரயப் பத்திரத்தை முதல்முறை உட்கார்ந்து படித்தேன். ‘தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று ஒரு வரி. எத்தனை ஆண்டு என்று எண்ணைத் தேடினேன், இல்லை. விட்டுப்போயிற்றோ என்ற பயத்தில் ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் பத்திர எழுத்தர்தான் சொன்னார்: இது வருஷம் இல்லை, மீள் என்பது மீண்டு ஆவதுபோல ஆள் என்பது ஆண்டு ஆகியிருக்கிறது. நாட்டை ஆள்வதற்கு உள்ள அதே சொல் இரண்டு அறை வீட்டுக்கும் பொருந்துகிறதே என்று நெகிழ்ந்துபோனேன். குடியிருப்பது, வாடகைக்கு விடுவது, விற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கட்டுப்படுத்து, அடக்கு, நிர்வகி என்று எதை அந்த வரியில் வைத்தாலும் நிற்கவில்லை. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மறுமொழி 1
பிழை திருத்துவது என் தொழில். ஒரு சங்கத்தின் அறிக்கையில் ‘பொருளாளர் நிதியைச் சிறப்பாகக் கையாடினார்’ என்று இருந்தது. கையாண்டார் என்றால் பொறுப்பாகச் செலவிட்டார். கையாடினார் என்றால் எடுத்துக்கொண்டார். அப்படியே அச்சாகியிருந்தால் நேர்மையான ஒரு மனிதரின் பெயர் கெட்டிருக்கும். இப்போதும் அந்தச் சொல் வந்தால் விரல் வைத்துத்தான் படிக்கிறேன்.

மறுமொழி 2
திருக்குறளின் 62ஆம் அதிகாரம் ‘ஆள்வினையுடைமை’. அரசாட்சி பற்றியதா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இல்லை, விடாமுயற்சி பற்றியது. 614ஆம் குறளில் ‘தாளாண்மை’யும் அதே முயற்சிதான். ஆள்தல் என்றால் பயன்படுத்துவதும் கூட என்று சொல்லி, எடுத்தாளுதல், சொல்லாட்சி இரண்டையும் பலகையில் எழுதிக் காட்டினேன்.

மறுமொழி 3
பத்திரத்தில் ‘சுவாதீனம்’ என்றும் வருமே. வீட்டை ஒப்படைத்தால் ‘சுவாதீனத்தில் விட்டேன்’ என்று எழுதுவார்கள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பெரியம்மாவும் அதே சொல்லைத்தான் சொன்னார்: “வலது கை சுவாதீனமில்லை.” கை அங்கேயேதான் இருந்தது, அம்மா சொல்லை அது கேட்கவில்லை. தினமும் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கிவிடுவேன். ஐந்தாவது மாதம் ஒருநாள் டம்ளரைத் தானே பிடித்துத் தூக்கினார். பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. “கை கொஞ்சம் எனக்கு வந்துடுச்சுடி” என்றார்.